கடைசி மூன்று கிலோ

78 கிலோவில் தொடங்கியவர் 68-க்கு வந்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். இலக்கு 65. முதல் 10 கிலோ கரைந்த வேகத்தில் இந்த மூன்று கிலோ கரையாது. உடல் இளைத்தபின் அது அன்றாடம் செலவிடும் சக்தியும் குறைந்துவிடுகிறது. அதே அரைமணி நடைக்கு முன்பைவிடக் குறைந்த கலோரியே எரிகிறது. இந்தக் கட்டத்தில் பலரும் டிரெட்மில்லில் இன்னும் இருபது நிமிடம் கூட்டுகிறார்கள், இரவில் ஓர் இட்லியைக் குறைக்கிறார்கள். எடை இறங்கவும் கூடும். ஆனால் இறங்கியது கொழுப்பா தசையா என்பதை எடைபார்க்கும் இயந்திரம் சொல்லாது. கொழுப்பின் கையிருப்பு குறையக் குறைய, இழக்கும் ஒவ்வொரு கிலோவிலும் தசையின் பங்கு கூடுகிறது. அதனால் இலக்கை நெருங்கியவர் எடைப்பயிற்சிக்கே முதலிடம் தரவேண்டும் என்பேன்.

இதற்கு எதிரான வலுவான சான்று அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்திலிருந்து 2012-இல் வந்தது. உடற்பயிற்சிப் பழக்கமில்லாத, எடை மிகுந்த 119 பேர் எட்டு மாதங்கள் பயிற்சி செய்து முடித்த ஆய்வு அது. கொழுப்பைக் குறைத்ததில் கார்டியோ செய்தவர்களே முந்தினார்கள். பளு மட்டும் தூக்கியவர்களின் எடை சற்றுக் கூடியது. இதை மழுப்ப முடியாது. ஆனால் அவர்கள் உணவைக் குறைத்து இளைத்துக்கொண்டிருந்தவர்கள் அல்லர். உணவுக் கட்டுப்பாட்டோடு இளைப்பவரின் நிலைமைக்கு 2017-இல் டென்னிஸ் வில்லாரியல் குழுவினர் வெளியிட்ட ஆய்வே நெருக்கமானது. உடற்பருமன் கொண்ட 160 முதியவர்களில், பயிற்சி செய்த மூன்று குழுக்களுமே ஆறு மாதத்தில் எடையில் ஏறத்தாழ 9 விழுக்காடு இழந்தன. இயந்திரத்தின் கணக்கில் மூன்றும் ஒன்றுதான். உள்ளே பார்த்தால், கார்டியோ குழு கொழுப்பல்லாத உடல் எடையில் 5 விழுக்காட்டை இழந்திருந்தது. பளு தூக்கிய குழு 2 விழுக்காட்டை மட்டுமே. இடுப்பெலும்பின் அடர்த்தி கார்டியோ குழுவில் 3 விழுக்காடு குறைய, பளு குழுவில் அரை விழுக்காடுதான் குறைந்தது. இரண்டையும் கலந்து செய்தவர்களே அன்றாட உடலியக்கத்தில் மிகவும் முன்னேறினார்கள். ஆகவே நடையை நிறுத்தச் சொல்வது என் வாதமல்ல. நடையைக் கூட்டிக்கொண்டே போவதைத்தான் மறுக்கிறேன்.

இந்தியர்களுக்கு இது இன்னும் முக்கியம். புனேயைச் சேர்ந்த மருத்துவர் சித்தரஞ்சன் யாக்னிக்கும் லண்டனைச் சேர்ந்த ஜான் யுட்கினும் 2004-இல் 'லான்செட்' இதழில் தங்களையே ஒப்பிட்டுக் காட்டினார்கள். இருவரின் பி.எம்.ஐ.யும் 22.3. யுட்கின் உடலில் கொழுப்பு 9.1 விழுக்காடு, யாக்னிக் உடலில் 21.2. ஒல்லியாகத் தெரிந்தும் கொழுப்பு மிகுந்து, தசை குறைந்திருக்கும் இந்த உடல்வாகு நம்மிடம் பரவலாக இருக்கிறது. சர்க்கரை நோய்க்கும் இதற்கும் தொடர்பு உண்டு. உண்ட சர்க்கரையில் கணிசமான பகுதியை வாங்கிக்கொள்வது தசை. அந்தத் தசையையே விலையாகக் கொடுத்து 65-ஐத் தொடுவது எனக்கு வீண் இழப்பாகப்படுகிறது.

எடைப்பயிற்சியின் ஆதரவாளர்களும் மிகைப்படுத்துகிறார்கள். ஒரு கிலோ தசை ஓய்வு நிலையில் நாளொன்றுக்கு எரிப்பது சுமார் 13 கலோரி; தசை வளர்ந்தால் உட்கார்ந்தபடியே இளைக்கலாம் என்ற ஜிம் பேச்சை இந்தக் கணக்கு தாங்காது. மூச்சுத்திறனுக்கும் இதயத்துக்கும் நடையும் ஓட்டமும் தருவதைப் பளுவால் முழுதாக ஈடுகட்டவும் முடியாது. உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உடலியக்கத்தோடு, இரண்டு நாளாவது தசைக்கான பயிற்சியையும் சேர்த்துப் பரிந்துரைத்தது. அந்த 150 நிமிடத்தை அப்படியே வைத்துக்கொண்டு, கூடுதலாகக் கிடைக்கும் நேரத்தை டம்பெல்லுக்கும் பஸ்கிக்கும் தண்டாலுக்கும் கொடுக்கலாம். சோறு மிகுந்த தட்டில் பருப்போ முட்டையோ மீனோ கூடாவிட்டால் இந்த உழைப்பில் பாதி வீணாகும். புதிதாகப் பளு தூக்குபவரின் தசை நீரைப் பிடித்துவைப்பதால் முதல் சில வாரங்களில் எடை ஒரு கிலோ ஏறவும் கூடும். பலர் மனமுடைந்து டிரெட்மில்லுக்குத் திரும்புவது அப்போதுதான். அந்த வாரங்களில் இயந்திரத்தை ஒதுக்கிவிட்டு, தையற்காரரின் நாடாவால் இடுப்பை அளந்து பார்க்கலாம்.