மினி: வேரும் வழக்கும்

‘மினி’ என்றால் சின்னது. இதிலென்ன ஆராய்ச்சி வேண்டிக் கிடக்கு என்பீர்கள். ஆனால் இம்முன்னொட்டின் வேரில் சிறுமையே இல்லை. இடைக்கால லத்தீனில் ‘மினியம்’ என்பது ஈயச் செந்தூரம். ஐரோப்பிய மடாலயங்களில் ஏடுகளின் தலைப்பெழுத்துகளுக்கு அதைக்கொண்டு சிவப்பேற்றினார்கள் (ஈயம் நஞ்சு, தீட்டிய கைகளைப் பற்றி அகராதிகளுக்கு என்ன கவலை). அந்த ஏட்டுச் சித்திரம் இத்தாலியில் ‘மினியத்தூரா’. ஏட்டுக்குள் அடங்க வேண்டியதால் அளவில் சின்னது, அவ்வளவுதான். ‘மினிமம்’ வகையறாச் சொற்களின் ஒலியும் சேர்ந்துகொள்ள, நிறம் உதிர்ந்து அளவு ஒட்டிக்கொண்டது. ஆங்கிலத்தில் ‘மினியேச்சர்’ நறுக்கப்பட்டு ‘மினி’ ஆயிற்று: 1959இல் கார், அறுபதுகளில் பாவாடை.

வேர்ச்சொல்லில்தான் உண்மைப் பொருள் உறைகிறது என்று நம்மிடையே அடித்துப் பேசுகிறவர்களிடம் இதைத்தான் கேட்கிறேன். தோற்றத்தின் புனிதத்தை நீட்சே வழியாக ஃபூக்கோ 1971இலேயே கேலி செய்தாயிற்று. பொருளை உண்டாக்குவது வழக்கு; காது மாறிக் கேட்டதும் அதில் சேர்த்திதான். ‘மினி பஸ்’ஸைச் ‘சிற்றுந்து’ ஆக்கியவர்கள் ஜனங்கள் வழங்கிய பொருளைத்தான் எடுத்துக்கொண்டார்கள். வேரைப் பிடித்துப் போயிருந்தால் ‘செவ்வுந்து’ என்றல்லவா வைத்திருக்கணும்!