ஆண்டுகள் செதுக்கிய ஓட்டம்

பவுலா ராட்கிளிஃபின் ஓட்டத்தை முதல் பார்வையில் யாரும் அழகு என்று சொல்லிவிட மாட்டார்கள். அடிக்கு அடி தலை ஆடும். முகத்தில் வேதனை அப்பட்டமாகத் தெரியும். ஆனால் 2003 ஏப்ரல் 13 அன்று லண்டன் மாரத்தானை அவர் 2 மணி 15 நிமிடம் 25 விநாடியில் முடித்த விதத்தைக் கவனித்தால் வேறோர் அழகு பிடிபடும். முதல் பாதிக்கு 68 நிமிடம் 2 விநாடி, இரண்டாம் பாதிக்கு 67 நிமிடம் 23 விநாடி. மற்றவர்கள் தளரும் இடத்தில் அவர் வேகம் கூட்டியிருக்கிறார். அந்த உலக சாதனை 2019 வரை, பதினாறு ஆண்டுகள், அசையாமல் நின்றது. இதைப் பிறவி வரம் என்று சொல்லிக் கடந்துபோவது எளிது. நெடுந்தூர ஓட்டத்தில் ரசிக்கத்தக்கது அந்த வரத்தைவிட, அதன்மேல் ஆண்டுகள் செய்த வேலைதான் என்று நான் கருதுகிறேன்.

இதற்குச் சான்று அவர் உடலிலேயே இருக்கிறது. உடலியல் ஆய்வாளர் ஆண்ட்ரூ ஜோன்ஸ் அவரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பரிசோதித்து, முடிவுகளை 2006இல் வெளியிட்டார். 1992இல் ராட்கிளிஃப் பதினெட்டு வயது இளையோர் உலக சாம்பியன். அப்போது அவர் உடல் உச்சத்தில் பயன்படுத்திய ஆக்சிஜன், எடையில் கிலோவுக்கு நிமிடத்துக்குச் சுமார் 70 மில்லி. உலக சாதனை படைத்த 2003இலும் ஏறக்குறைய அதே 70தான். மாறியது சிக்கனம். ஒரே வேகத்தில் ஓட அவருக்குத் தேவைப்பட்ட ஆக்சிஜன் இடைப்பட்ட காலத்தில் 15 சதவீதம் குறைந்துவிட்டது. இந்தச் சிக்கனம் ஒரு பருவப் பயிற்சியில் வருவதில்லை. தசைக்குள் நுண்ணிய இரத்தக் குழாய்கள் பெருக வேண்டும். தசைநாண்கள் இறுகி, தரையில் மிதித்த விசையை அடுத்த அடிக்குத் திருப்பித் தர வேண்டும். வாரத்துக்கு நூறு மைலுக்கு மேல், ஆண்டுக்கணக்கில் விடாமல் ஓடிய கால்களுக்கே அது வாய்க்கிறது.

பதினெட்டு வயதில் 70 என்பதே வரம்தானே என்று கேட்கலாம். ஆம், அதை மறுக்க முடியாது. பின்லாந்தின் பனிச்சறுக்கு வீரர் ஈரோ மான்டிரான்டா ஒலிம்பிக்கில் ஏழு பதக்கங்கள் வென்றவர்; இரத்தச் சிவப்பணுக்களை மிகுதியாகப் பெருக்கும் மரபணு மாற்றம் அவருக்கு இருந்தது பின்னர் தெரியவந்தது. ஆனால் அதே மாற்றம் அவர் குடும்பத்தில் இன்னும் பலருக்கும் இருந்தது. அவர்கள் எல்லோரும் ஒலிம்பிக் மேடை ஏறிவிடவில்லை. இதைவிடக் கூர்மையான மறுப்பு ஒன்று உண்டு: பயிற்சியால் தேறும் திறனே மரபில் வருவதுதான் என்பது. கிளோட் புஷார் தலைமையிலான ஹெரிடேஜ் ஆய்வில் எல்லோருக்கும் இருபது வாரம் ஒரே மாதிரியான பயிற்சி தரப்பட்டது. சிலர் பெரிதும் முன்னேறினார்கள், சிலர் ஏறக்குறைய நின்ற இடத்திலேயே நின்றார்கள். அந்த வேறுபாட்டில் ஏறத்தாழ பாதி குடும்ப வழி வந்தது. இதையும் ஏற்கிறேன். ஆயினும் இருபது வாரம் பத்தாண்டு ஆகாது. ராட்கிளிஃபின் ஆக்சிஜன் அளவு உயராமல் நின்ற பிறகும் அவர் ஓட்டம் பதினோரு ஆண்டுகள் வளர்ந்துகொண்டே இருந்ததே.

சங்கீதத்தில் குரல் பிறப்போடு வருவது. அதைக் கச்சேரிக்கு உரியதாக்குவது சாதகம். நெடுந்தூர ஓட்டத்தையும் அந்தக் காதோடு அணுகலாம். தொடக்கத்தில் பாய்கிறவரைப் பார்த்து வியப்பதைவிட, முப்பதாவது கிலோமீட்டருக்குப் பிறகு யாருடைய அடி நீளம் குறையவில்லை, யாருடைய தோள் இறுகவில்லை என்று கவனிப்பது நல்ல ரசனை. வரம் யாரை ஓட்டக்களத்தில் நிறுத்துகிறது என்பதை நாம் தீர்மானிக்க முடியாது. அந்தக் கடைசிப் பன்னிரண்டு கிலோமீட்டரோ அவர்கள் தாமாக உழைத்துச் சேர்த்தது; நம் பாராட்டு சேர வேண்டிய இடமும் அதுதான்.