ஏழு நாளில் மயில் செய்தவன்

எம்.ஏ. படிக்கும்போது சீவக சிந்தாமணியில் நாமகள் இலம்பகம் எங்களுக்குப் பாடமாக இருந்தது. ஒரு லீவுக்கு ஊருக்குப் போனபோது அப்பா வாசலில் உட்கார்ந்து பறைக்குத் தோல் கட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் கொட்டாங்குச்சியில் புளியங்கொட்டைப் பசை. "இன்னா படிக்கிற, சொல்லு" என்றார். கதையைச் சொன்னேன்.

ஏமாங்கத நாட்டு ராசா சச்சந்தன். பொண்டாட்டி விசயை மேல் உள்ள மோகத்தில் ஆட்சியை மந்திரி கட்டியங்காரன் கையில் கொடுத்துவிடுகிறான். விசயை கெட்ட கனவு காண்கிறாள். ராசாவுக்குப் பயம் வருகிறது. பெருந்தச்சனைக் கூப்பிட்டு வானத்தில் போகிற ஊர்தி ஒன்று செய்யச் சொல்கிறான். ஏழு நாளில் ஒரு மயில் தயார். பொறியை வலப்பக்கம் திருகினால் மேலே போகும், இடப்பக்கம் திருகினால் கீழே வந்து காலை மடக்கி உட்காரும். மந்திரி அரண்மனையை வளைத்துக்கொண்டபோது நிறைமாதக்காரியான விசயையை அதில் ஏற்றி அனுப்பிவிட்டு ராசா சண்டையில் சாகிறான். மயில் ஊருக்கு வெளியே சுடுகாட்டில் இறங்குகிறது. காப்பியத் தலைவன் சீவகன் பிறப்பது அங்கேதான்.

அப்பா கேட்டார்: "சுடுகாட்டுலயா எறங்கிச்சி? அப்ப வெட்டியான் எங்க பூட்டான்?"

என்னிடம் பதில் இல்லை. எங்கள் பேராசிரியர் இரண்டு வாரம் நடத்திய அந்தப் பகுதியில் இப்படியொரு கேள்வி வகுப்பில் எழுந்ததே இல்லை. அப்பா விடவில்லை. "எத வெச்சி செஞ்சான் மயில?" பாட்டில் இருந்ததைச் சொன்னேன்: துணி, நூல், பயின் என்கிற பிசின், அரக்கு, மெழுகு, இன்னும் பல. கையில் இருந்த தோலைக் கீழே வைத்துவிட்டு யோசித்தார். "துணிய பிசின்ல ஒட்டி மேல அரக்கு ஊத்துனா வெறப்பா நிக்கும். கனமும் இருக்காது. மெழுகு மழைக்கு. கெட்டிக்காரன்தான். அவன் பேரு இன்னா?"

"பேரு போடலப்பா."

மறுபடி தோலை எடுத்துக்கொண்டார். அன்றிலிருந்து சிந்தாமணியை நான் வேறு மாதிரி படிக்கிறேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

சிந்தாமணி ஒரு மாயக் கதையுலகம். திருத்தக்க தேவர் என்ற சமணத் துறவி ஏறத்தாழ ஆயிரம் வருசத்துக்கு முன்னால் கட்டியது. உ.வே.சா. 1887-இல் அச்சிட்டார். அந்த உலகத்தில் வானத்தில் பறப்பதற்கு இரண்டு வழி இருக்கிறது. ஒன்று விஞ்சையருடையது. வெள்ளிமலையில் இருக்கிற விஞ்சையர் மந்திரத்தால் பறப்பார்கள், நினைத்த உருவம் எடுப்பார்கள். காந்தருவதத்தையார் இலம்பகத்தில் தரன் என்கிற விஞ்சையன் நடுக்கடலில் சீதத்தனின் கப்பல் கவிழ்ந்ததுபோல மாயம் காட்டுகிறான்; பிறகு கப்பல் பத்திரமாக இருப்பதையும் காட்டுகிறான். இன்னொரு வழிதான் தச்சனுடையது. துணி, பிசின், அரக்கு.

விஞ்சை என்ற சொல் வித்தையிலிருந்து வந்தது. வித்தை என்றால் அறிவு. ஆக, விஞ்சையர் என்றால் அறிவுடையவர்கள். அந்த அறிவு அவர்களுக்கு எப்படி வந்தது? அந்தக் குலத்தில் பிறந்ததால் வந்தது. மனுசர் யாருக்காவது அது வேண்டுமென்றால் மேலே இருப்பவர் மனசு வைத்துக் கொடுக்க வேண்டும். ஆனால் வலப்பக்கம் திருகினால் ஏறவும் இடப்பக்கம் திருகினால் இறங்கவும் ஒரு பொருளைச் செய்துவைப்பது அறிவு என்று எண்ணப்படவில்லையா என்றால், எண்ணப்பட்டிருக்கிறது. தன் நூலைக் கரைகண்டவன் என்று தச்சனைத் தேவர் புகழவே செய்கிறார். தேவலோகத்து மயன்தானோ என்று ஐயப்படும்படியானவன் என்கிறார். இந்தப் புகழ்ச்சியில்தான் எனக்குச் சிக்கல். கைவேலைக்காரன் ஒருவன் நன்றாகச் செய்துவிட்டால் அவனை மயன் என்று சொல்லிவிட்டால் போதும். பெயர் கேட்க வேண்டியதில்லை. சொந்தப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் தெய்வத்தின் பெயர் வந்து உட்கார்ந்துகொள்கிறது. தரனுக்குப் பெயர் உண்டு, சீதத்தனுக்கு உண்டு, விசயையின் தோழி சண்பகமாலைக்கு உண்டு. 3,145 பாட்டு உள்ள காப்பியத்தில் மயில் செய்தவன் வெறும் பெருந்தச்சன்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். தச்சன் நம்மாள் என்று நான் உரிமை கொண்டாட வரவில்லை. கம்மாளர் தனிச் சாதி. பூணூல் போட்டுக்கொண்டவர்கள் அவர்களிலும் உண்டு. சேரிக்கு அவர்களும் தூரம்தான். ஆனால் அரக்கு காட்டு மரத்திலிருந்து வர வேண்டும். மெழுகு தேன்கூட்டிலிருந்து வர வேண்டும். பிசினை யாரோ கீறி எடுக்க வேண்டும், துணியை யாரோ நெய்ய வேண்டும். தச்சனுக்காவது 'பெருந்தச்சன்' என்ற தொழிற்பெயர் கிடைத்தது. இவர்களுக்கு அதுவும் இல்லை. பொருள் மட்டும் பாட்டுக்குள் வருகிறது, கொண்டுவந்த ஆள் வாசலோடு நின்றுவிடுகிறான்.

அப்பாவின் முதல் கேள்விக்கு வருகிறேன். மயில் இறங்கிய சுடுகாட்டில் பேய் உண்டு, நெருப்பு உண்டு. விசயைக்கு உதவ ஒரு தெய்வம் சண்பகமாலை உருவில் வருகிறது. கந்துக்கடன் என்ற வணிகன் செத்துப்போன தன் பிள்ளையோடு அந்த ராத்திரியில் அங்கே வருகிறான்; உயிரோடு கிடக்கும் ராசா பிள்ளையை எடுத்துப் போகிறான். வெட்டியான் மட்டும் என் கண்ணில் படவில்லை. மண்வெட்டி பிடித்தவன் இல்லாமல் எந்தப் பணக்காரன் வீட்டுப் பிணமாவது மண்ணுக்குப் போனதுண்டா? எங்க ஊரில் இல்லை. ராத்திரி பன்னிரண்டு மணிக்கும் வந்து கூப்பிடுவார்கள். அப்பா எழுந்து போவார்.

புறநானூற்றில் அவன் இருக்கிறான். 360-ஆம் பாட்டில் சுடுகாட்டுச் சடங்குச் சோற்றைப் படைக்கச் சொல்வது புலையன். 363-இல் அந்தச் சோற்றைக் கொடுக்கிறவனுக்கு 'இழிபிறப்பினோன்' என்று பட்டம். வசைதான். ஆனாலும் ஆள் இருக்கிறான், வேலை செய்கிறான். சிந்தாமணியின் சுடுகாட்டில் அந்த வசைக்குக்கூட ஆள் இல்லை. மாயம் வந்ததும் மனுசன் தேவைப்படவில்லை. ராணிக்குப் பிரசவம் என்றால் தொட்டுத் தூக்க ஒரு கை வேண்டும்; அந்தச் சுடுகாட்டில் இருந்திருக்கக்கூடிய கை எங்கள் கை. அது ராணியைத் தொட்டால் என்ன ஆகும்? கவிஞருக்குத் தெய்வம் அவசியமாகிப்போனது இதனால்தான் என்று நான் படிக்கிறேன். என் வாசிப்பு தப்பு என்பவர்கள் எழுதட்டும்.

இவ்வளவு சொன்னபிறகு தேவருக்கு எதிராக மட்டும் பேசினால் அது நேர்மையில்லை. குணமாலையார் இலம்பகத்தில் ஒரு நாய் வருகிறது. பார்ப்பனர்களுக்கு வைத்த சோற்றைத் தீண்டிவிட்டது என்று அடித்துக் குற்றுயிராக்குகிறார்கள். சீவகன் அதன் காதில் சமண மந்திரத்தை ஓதுகிறான். நாய் செத்துச் சுதஞ்சணன் என்ற தேவனாகப் பிறக்கிறது. பிறகு அவன்தான் சீவகனைக் கட்டியங்காரனிடமிருந்து காப்பாற்றுகிறான், மூன்று மந்திரங்களையும் கொடுக்கிறான்: இனிய குரல் தர ஒன்று, பாம்பு விசமும் நோயும் தீர்க்க ஒன்று, வேண்டிய உருவம் எடுக்க ஒன்று. சோற்றைத் தீண்டியதற்காக அடிபட்டுச் சாவது என்றால் என்னவென்று தெரிந்த சனம் நாம். ஒரு துறவி அதை எழுதினார், அடித்தவர்கள் யார் என்றும் சொன்னார், அடிபட்ட உயிருக்குப் பெயரும் கொடுத்தார். அது பெரிய காரியம்தான். ஆனால் பெயர் எப்போது வந்தது பாருங்கள். நாயாகச் செத்துத் தேவனாகப் பிறந்த பிறகுதான் வந்தது.

அன்றைக்கு அப்பா கடைசியாக ஒன்று கேட்டார். "அந்த மயிலு மாதிரி அப்பறம் இன்னொண்ணு செஞ்சானா?"

செய்யவில்லை. மாயமும் எந்திரமும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிற உலகத்தில் எந்திரம் ஏன் வளரவில்லை என்பதுதான் இந்தக் கேள்வி. முதல் காரணம் நேரானது. மந்திரம் கையில் இருக்கிறவனுக்குத் தச்சன் எதற்கு? சீவகனுக்கு மூன்று மந்திரம் கிடைத்துவிட்டது. அவன் தச்சனைத் தேடிப் போக வேண்டிய அவசியமே இல்லை. எந்திரம் வருகிற மற்ற இடங்களைப் பாருங்கள். கோட்டை மதிலில் எதிரியைக் கொல்ல. இலக்கணையின் திருமணத்தில் அம்பெய்து வீழ்த்தச் சுழலும் பன்றி. பெருங்கதையில் உதயணனைப் பிடிக்க வயிற்றுக்குள் வீரர்களை ஒளித்துவைத்த எந்திர யானை. எல்லாம் ராசாவின் சண்டைக்கும் ராசாவின் கல்யாணத்துக்கும். ஆற்றைக் கடக்க முடியாமல் நிற்கிற ஊர்சனத்துக்கென்று ஒரு மயிலும் பறக்கவில்லை. சச்சந்தனின் மயிலில்கூட ஒருத்திதான் போக முடிந்தது.

இரண்டாவது காரணம் ரகசியம். பதினொன்றாம் நூற்றாண்டில் போஜன் என்ற ராசாவின் பெயரில் உள்ள சமராங்கண சூத்திரதாரம் என்ற வடமொழி நூல், பாதரசத்தால் பறக்கிற மரப்பறவையைப் பற்றிப் பேசிவிட்டு, முழுச் செய்முறை தெரியாததால் அல்ல, ரகசியம் காப்பதற்காகவே சொல்லாமல் விடுவதாகச் சொல்கிறது. புதஸ்வாமின் எழுதிய பிருகத்கதைச் சுருக்கத்தில் இதே சங்கதி தலைகீழாக வருகிறது. அங்கே கருவுற்ற ராணிக்கு ஆகாயத்தில் போக ஆசை. தச்சர்களைப் பிடித்து எந்திரம் செய் என்று அடிக்கிறார்கள். இடையில் விசுவிலன் என்ற தச்சனின் கதை சொல்லப்படுகிறது. ரகசியத்தைச் சொல்லச் சொந்த மாமனாரே நெருக்கியபோது அவன் பெண்டாட்டியை ஏற்றிக்கொண்டு ராத்திரியோடு ராத்திரியாகப் பறந்துவிடுகிறான். எனக்கு அவனைப் பிடிக்கும். ஆனால் நடந்தது என்ன? ராசா மறைத்தாலும் தச்சன் மறைத்தாலும் அறிவு ஒரு வீட்டைத் தாண்டவில்லை. சாதி என்பது வெறும் வேலைப் பிரிவினை மட்டும் அல்ல, வேலை செய்கிறவர்களையும் பிரித்து வைப்பது என்று அம்பேத்கர் 1936-இல் எழுதினார். பசை காய்ச்சத் தெரிந்தவனுக்கு ஏடு கிடையாது. ஏடு வைத்திருந்தவன் பசையைத் தொடமாட்டான். இதில் இரண்டாவது மயில் எங்கிருந்து வரும்?

2015 சனவரியில் மும்பையில் நடந்த இந்திய அறிவியல் மாநாட்டில் பண்டைய இந்தியாவில் விமானம் இருந்ததாக ஒரு கட்டுரை வாசித்தார்கள். ஆதாரம் வைமானிக சாஸ்திரம். 1974-லேயே பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த ஐந்து பேர் அந்த நூலை ஆராய்ந்து, அது 1904-க்கு முற்பட்டது அல்ல, அதில் சொன்னது எதுவும் பறக்காது என்று எழுதிவிட்டார்கள். நம்ம பக்கத்திலும் இந்த வியாதி உண்டு. மயிற்பொறியைக் காட்டித் தமிழன் அன்றே விமானம் விட்டான் என்று மேடையில் முழங்குவதை நானே கேட்டிருக்கிறேன். எந்தத் தமிழன் என்று கேட்டால் பேச்சாளருக்குக் கோபம் வருகிறது. பறந்தவள் ராணி, பறக்கவிட்டவன் ராசா. செய்தவனைக் கேட்டால் இனத்தைப் பிரிக்கிறாயா என்கிறார்கள். மயில் நிஜமாகப் பறந்ததா என்பதல்ல என் சண்டை. அது கதை. ஆனால் கதையில் அரக்கும் மெழுகும் பிசினும் நிஜம். அவற்றைச் சேர்க்கத் தெரிந்த ஒருவனைத் தேவர் எங்கோ பார்த்திருக்க வேண்டும், பக்கத்தில் நின்று பார்த்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். அந்தப் பாட்டு இன்றைக்கும் உயிரோடு இருப்பது அந்தப் பட்டியலால்தான். மயன் உவமையால் அல்ல.

அந்த வருசம் பரீட்சையில் மயிற்பொறியின் அமைப்பை விளக்கச் சொல்லி ஐந்து மார்க் கேள்வி வந்தது. துணியைப் பிசினில் ஒட்டினால் கனம் குறையும், அரக்கு விறைப்பு தரும், மெழுகு மழைக்கு என்று எழுதினேன். ஐந்துக்கு ஒன்று கிடைத்தது. எழுதியதெல்லாம் அப்பா சொன்னது. அவர் பெயரை நானும் போடவில்லை.