'இராவணா-1': பெயரை வாசித்தல்

2019 ஜூன் 17 இல் சுற்றுப்பாதையில் விடப்பட்ட 'இராவணா-1', எங்கட நாட்டு இளம் பொறியியலாளர் இருவர் ஜப்பானில் உருவாக்கிய, ஒரு கிலோ சொச்சம் எடையுள்ள செய்மதி. உழைப்பில் குறையில்லை, பெயர்தான் இடறுகிறது.

கூடவே போன நேபாளச் செய்மதி நாட்டின் பெயரைத் தாங்கியது. ஜப்பானுடையது 'உகுயிசு' என்ற பாடும் குருவியின் பெயரை. நாம் எடுத்ததோ ஒரு காவிய அரசனை. புலவர் குழந்தையின் 'இராவண காவியம்' அவனைத் தமிழர் தலைவனாக்கியது. சிங்களத் தேசியவாதிகளோ தங்கட மூதாதை என்கிறார்கள். இந்த இழுபறிக்குள் சோனகப் புள்ளைக்கு எங்கே இடம்? அதே ஜூன் 3 இல்தான் முஸ்லிம் அமைச்சர்கள் கூட்டாகப் பதவி விலகினார்கள். இந்த நாட்டுக்கு நாம் சொந்தமா என்ற கேள்வி தெருவுக்கு வந்த மாதம் அது.

அடுத்த செய்மதிக்குப் 'பாடுமீன்' என்று வைக்கலாமே. வாவி மீன் காத்தான்குடிக்கும் ஆரையம்பதிக்கும் ஒரே பாட்டைத்தான் பாடுகிறது.