கடைசி ஃபர்லாங்கில் யாருடைய திறமை?

கே.ஆர். லட்சுமணன் எதிர் தமிழ்நாடு அரசு. 1996 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கொடுத்த இந்தத் தீர்ப்பை வக்கீல்கள்தான் படிக்கிறார்கள். விளையாட்டைப் பற்றிய ஒரு கட்டுரையாகவும் அதைப் படிக்க வேண்டும் என்பது என் கட்சி. தமிழக அரசு 1974-இல் குதிரைப் பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் போட்டது. மெட்ராஸ் ரேஸ் கிளப் கோர்ட்டுக்குப் போனது. இருபது வருஷத்துக்கு மேல் கழித்து நீதிபதி குல்தீப் சிங் எழுதிய தீர்ப்பு, குதிரைப் பந்தயம் பெரும்பாலும் திறமை சார்ந்தது, அதில் பணம் கட்டுவது சூதாட்டம் ஆகாது என்றது.

அதில் ஜாக்கிக்குக் கிடைப்பது ஓரிரு வாக்கியம்தான். வேகத்தில் சமமான இரண்டு குதிரைகள் ஓடினால், கூடுதலாகப் பயின்ற ஜாக்கி கம்பத்தை முதலில் தொடமுடியும் என்கிற பொருளில் ஒரு வரி வரும. சரியான வரிதான். ஆனால் தீர்ப்பு நின்று பார்த்திருக்க வேண்டிய இடமும் அதுதான். குதிரைகள் சமம் என்றால், அந்த ஜாக்கி என்ன செய்து ஜெயிக்கிறார்?

நேரம் பார்க்கிறார். எந்தக் குதிரையாலும் உச்ச வேகத்தில் சில நூறு மீட்டருக்கு மேல் ஓட முடியாது. 2400 மீட்டர் பந்தயம் என்றால், அந்தச் சில நூறு மீட்டரை எங்கே செலவழிப்பது என்பதுதான் மொத்தக் கணக்கும். முன்னால் ஓடினால் காற்றைக் கிழிக்கும் வேலை நமக்கு. பின்னால் ஒளிந்தால் தெம்பு மிச்சம், ஆனால் கடைசி நேர்ப்பாதையில் எதிரே சுவர் மாதிரி குதிரைகள் நிற்கும், சந்து கிடைக்காது. சில குதிரைகள் தனியாக முன்னால் வந்துவிட்டால் போதும், சோம்பிவிடும். சீக்கிரம் விட்டால் கம்பத்துக்கு ஐம்பது மீட்டர் முன்பே கால் தளரும். தாமதித்தால், கம்பத்தைத் தாண்டியபிறகுதான் முந்துவோம்.

எங்க ஊர் ஆனைக்குட்டம் பட்டாசு வட்டாரத்தில் இருக்கிறது. மேலே போய் வெடிக்கும் ரகங்களுக்குள் தாமதத் திரி ஒன்று இருக்கும். குண்டு உச்சியைத் தொடும் கணத்தில் வெடிக்க வேண்டும், விழ ஆரம்பித்தபிறகு வெடித்தால் வீண். ஆனால் அந்தத் திரியின் நீளத்தைத் தரையில் உட்கார்ந்து, முன்கூட்டியே முடிவு செய்துவிடலாம். ஜாக்கி, குண்டு மேலே போய்க்கொண்டிருக்கும்போதே திரியை வெட்டவேண்டியவர்.

இந்த வேலையை நாம் எப்படி மதிப்பிடுகிறோம்? 1986-இல் டான்சிங் பிரேவ் என்ற குதிரைக்கு நடந்ததைப் பாருங்கள். எப்சம் டெர்பியில் கிரெவில் ஸ்டார்க்கி அதை வெகுநேரம் பின்னாலேயே வைத்திருந்தார். கடைசியில் அது பறந்து வந்தது, இருந்தும் அரை உடல் நீளத்தில் ஷாரஸ்தானியிடம் தோற்றது. ஸ்டார்க்கி தாமதித்துவிட்டார் என்று உலகமே திட்டியது. அதே வருஷம் அக்டோபரில், பாரிஸில் ஆர்க் பந்தயம். இப்போது மேலே பாட் எட்டரி. அவரும் காத்திருந்தார். கடைசியில் வெளிப்பக்கமாகக் கொண்டுவந்து விட்டார், ஜெயித்தார். மேதை என்றார்கள். எப்சம் பாதை இறக்கமும் சரிவும் உள்ளது, அதில் குதிரை தடுமாறியது என்பதையெல்லாம் யாரும் ஸ்டார்க்கியின் கணக்கில் வரவு வைக்கவில்லை. காத்திருப்பு ஒன்றுதான். முடிவு மாறியதும் பெயரும் மாறிவிட்டது.

இன்னொரு சங்கடம். காத்திருக்கும் ஜாக்கியின் கையும், வேண்டுமென்றே தோற்கும் ஜாக்கியின் கையும் பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும். இரண்டுமே கடிவாளத்தைப் பிடித்து வைப்பதுதான். தோற்றவுடன் கேலரியில் “இழுத்துட்டான்டா” என்று ஒரு குரல் எழுவது இதனால்தான். பந்தய அதிகாரிகள் வீடியோவைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்ப்பதும் இதற்குத்தான். கலைக்கும் மோசடிக்கும் நடுவே இருப்பது ஒரு மனிதனின் உள்நோக்கம் மட்டும்.

இங்கேதான் தீர்ப்போடு எனக்குச் சண்டை. ஜாக்கியிடம் திறமை இருக்கிறது, சந்தேகமே இல்லை. அந்தத் திறமை எப்படி டிக்கெட் வாங்கியவரின் கைக்கு வந்தது? குதிரையின் வம்சம், பழைய ஓட்டங்கள், சுமக்கும் எடை, ஜாக்கியின் வழக்கம் எல்லாவற்றையும் அலசிப் பணம் கட்டுவதும் ஒரு திறமைதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அவர் கணக்கு கவுண்டரில் முடிந்துவிடுகிறது. ஜாக்கியின் கணக்கு கடைசி ஃபர்லாங்கில், அந்த 200 மீட்டரில்தான் பழுக்கிறது. சந்து திறக்குமா, பக்கத்துக் குதிரை விலகுமா என்பதை அங்கே போனால்தான் பார்க்க முடியும். ஜாக்கி எவ்வளவுக்கு அந்தக் கணத்தைப் பார்த்து முடிவெடுப்பவரோ, அவ்வளவுக்கு அவர் கவுண்டரில் நிற்பவரின் கணிப்புக்கு வெளியே போகிறார். தீர்ப்பு இந்த இருவரையும் ஒரே திறமைக்குள் அடைத்துவிட்டது.

இது பழைய கிண்டி விவகாரம் என்று விட்டுவிட முடியாது. 2017-இல் பஞ்சாப்-ஹரியானா உயர் நீதிமன்றம், ட்ரீம்11 திறமை ஆட்டம்தான் என்று சொல்ல இதே தீர்ப்பைத் துணைக்கு எடுத்தது. ரம்மியிலாவது சீட்டைப் பிடித்திருப்பவரே ஆடுகிறார். ஃபேன்டசி ஆட்டத்தில் மட்டையைப் பிடிப்பவர் வேறொருவர், பணத்தை இழப்பவர் நம்ம ஹாஸ்டல் பையன். 2025 ஆகஸ்ட்டில் வந்த மத்தியச் சட்டம், திறமையா அதிர்ஷ்டமா என்ற கேள்வியையே ஓரமாக வைத்துவிட்டு, ஆன்லைனில் பணம் கட்டி ஆடுவதைத் தடை செய்தது. கேள்வி தீரவில்லை, ஒதுக்கப்பட்டிருக்கிறது.

கிண்டி மைதானத்தின் குத்தகையை ரத்து செய்து 2024 செப்டம்பரில் அரசு சீல் வைத்தது. அங்கே குதிரை ஓடாவிட்டாலும் அந்தத் தீர்ப்பு ஓடிக்கொண்டுதான் இருக்கும். அடுத்த முறை ஓர் ஆப் உங்கள் திறமையைப் புகழ்ந்தால், கடிவாளம் யார் கையில் இருக்கிறது என்று மட்டும் பாருங்கள்.