ஹோப் அண்ட் ஃபியர்: உதவ வந்த அந்நியர்

'ஹோப் அண்ட் ஃபியர்' (நம்பிக்கையும் அச்சமும்) 'ஸ்டார் ட்ரெக்: வாயேஜர்' என்னும் அமெரிக்க அறிவியல் புனைவுத் தொலைக்காட்சித் தொடரின் நான்காம் பருவத்தின் இறுதி அத்தியாயம். 1998 மே 20 அன்று முதன்முதலில் ஒளிபரப்பானது. வின்ரிக் கோல்பே இயக்கினார். கதையை ரிக் பெர்மன், பிரானன் பிராகா, ஜோ மெனாஸ்கி ஆகியோர் அமைத்தனர். திரைக்கதையைப் பிராகாவும் மெனாஸ்கியும் எழுதினர்.

வீடு திரும்ப வழி தேடும் விண்கலம் ஒன்றின் குழுவினர், முன்பின் அறியாத ஒருவர் நீட்டும் உதவியை ஏற்பதா மறுப்பதா என்று முடிவெடுக்க வேண்டிய நிலையே இதன் கதை. 'இவரை நம்பலாமா?' என்ற கேள்வியை இந்த அத்தியாயம் திறமையாகக் கையாள்கிறது. பிற்பாதியில் அதைவிடக் கடினமான வேறொரு கேள்வி எழுகிறது: இந்த அந்நியருக்கு நாம் ஏற்கெனவே என்ன செய்திருக்கிறோம்? அதைத் துணிவோடு எழுப்பும் கதை, பதில் சொல்லும் இடத்தில் பின்வாங்கிவிடுகிறது. இந்த அத்தியாயத்தின் சிறப்பும் குறையும் இதிலேயே அடங்கியுள்ளன.

பின்னணி

வாயேஜர் தொடர் 1995 முதல் 2001 வரை ஏழு பருவங்களாக வெளிவந்தது. முதல் அத்தியாயமான 'கேர்டேக்கர்' கதையில், வாயேஜர் விண்கலம் பூமியிலிருந்து ஏறத்தாழ 70,000 ஒளியாண்டுகளுக்கு அப்பாலுள்ள டெல்டா கால்வட்டம் என்ற பகுதிக்கு இழுத்துச் செல்லப்படுகிறது. தன் முழு வேகத்தில் சென்றாலும் திரும்பிவர 75 ஆண்டுகள் ஆகும். உடனே திரும்புவதற்கு உதவக்கூடிய வேற்றுலகச் சாதனம் ஒன்று அங்கே இருக்கிறது. அது பகைவர் கையில் சிக்கினால் ஒகாம்பா என்ற எளிய இனம் அழிந்துவிடும் என்பதால், கேப்டன் கேத்ரின் ஜேன்வே அதைத் தகர்க்கிறார். முன்பின் தெரியாத ஓர் இனத்தின் உயிருக்காகத் தன் குழுவினரின் வீட்டுவழியை அடைத்த தலைவராகவே அவர் அறிமுகமாகிறார்.

மூன்றாம் பருவத்தின் முடிவிலும் நான்காம் பருவத்தின் தொடக்கத்திலும், 1997 மே, செப்டம்பர் மாதங்களில், இரு பகுதிகளாக வெளிவந்த 'ஸ்கார்பியன்' கதை இங்கு முக்கியமானது. 'போர்க்' எனப்படுவோர் பிற இனத்தவரைப் பிடித்து, உடலில் இயந்திரங்களைப் பொருத்தி, தனிமனமே இல்லாத ஒரு கூட்டுமனத்துக்குள் கரைத்துவிடுபவர்கள். தொடரில் இதற்குத் தன்மயமாக்குதல் என்று பொருள்படும் சொல் வழங்குகிறது. வாயேஜர் அவர்களின் எல்லையைக் கடக்க வேண்டிய வேளையில், 'இனம் 8472' என்ற வேறொரு சக்தி போர்க்குகளைத் தோற்கடித்து வருகிறது. அந்த இனத்தை எதிர்க்கும் ஆயுதத்துக்கான வழியை வாயேஜரின் மருத்துவர் கண்டறிகிறார். பாதுகாப்பான வழிக்கு ஈடாக அந்த அறிவைப் போர்க்குகளுக்குத் தர ஜேன்வே முன்வருகிறார். துணைத்தலைவர் சகோட்டே, நரியின் முதுகில் ஏறி ஆற்றைக் கடந்த தேள் நடு ஆற்றில் நரியைக் கொட்டிய கதையைச் சொல்லி எச்சரிக்கிறார். ஜேன்வே கேட்கவில்லை. உடன்படிக்கை நடக்கிறது, இனம் 8472 பின்வாங்குகிறது, போர்க்குகள் பிழைக்கிறார்கள். அந்தக் கூட்டுமனத்திலிருந்து துண்டிக்கப்பட்ட செவன் ஆஃப் நைன் என்ற பெண் வாயேஜர் குழுவில் சேர்கிறார்.

கதைச் சுருக்கம்

ஸ்டார்ஃப்ளீட் தலைமையகத்திலிருந்து வந்த, சிதைந்துபோன மறைகுறிச் செய்தி ஒன்றைப் படிக்க ஜேன்வே மாதக்கணக்கில் போராடி வருகிறார். வணிகப் பணி முடித்துத் திரும்பும் பாரிஸும் நீலிக்ஸும் ஆர்ட்டூரிஸ் என்பவரைக் கலத்துக்கு அழைத்து வருகிறார்கள். அவர் ஆயிரக்கணக்கான மொழிகள் அறிந்தவர்; மொழிகளின் அமைப்பைப் பார்த்த மாத்திரத்தில் பிடித்துக்கொள்பவர். ஜேன்வேயின் கைக்கு எட்டாத செய்தியைச் சிறிது நேரத்தில் படித்துத் தருகிறார்.

செய்தி ஓர் இடத்தைச் சுட்டுகிறது. அங்கே 'டாண்ட்லெஸ்' என்ற புதிய ஸ்டார்ஃப்ளீட் கலம் ஆளின்றி நிற்கிறது. அதிலுள்ள ஸ்லிப்ஸ்ட்ரீம் உந்துமுறையைக் கொண்டு மூன்றே மாதங்களில் பூமியை அடையலாம். வாயேஜரைக் கைவிட்டு இதில் ஏறிவிடலாம் என்ற எண்ணம் குழுவில் பரவுகிறது. ஜேன்வே மட்டும் மகிழ்ச்சியை வெளியில் காட்டியபடி உள்ளுக்குள் ஐயத்தோடு இருக்கிறார். செய்தியில் எஞ்சிய பகுதியை அவரே படித்து முடிக்கும்போது உண்மை வெளிப்படுகிறது. உண்மையான செய்தியில் கலம் பற்றிய பேச்சே இல்லை. வாயேஜரை மீட்க விரைவான வழி எதுவும் கிடைக்கவில்லை என்ற வருத்தமே அதில் இருக்கிறது. டாண்ட்லெஸ் ஆர்ட்டூரிஸ் விரித்த வலை.

அகப்பட்டுக்கொண்ட ஆர்ட்டூரிஸ், ஜேன்வேயையும் செவனையும் கலத்தோடு கடத்திச் செல்கிறார். தன் மக்கள் பல தலைமுறைகளாகப் போர்க்குகளிடமிருந்து தப்பி வாழ்ந்தவர்கள் என்றும், ஜேன்வே செய்த உடன்படிக்கையால் போர்க்குகள் பிழைத்து அவர்களை விழுங்கிவிட்டார்கள் என்றும் சொல்கிறார். அதே கதியை இவர்களுக்கும் தருவதே அவர் நோக்கம். வாயேஜர் பின்தொடர்ந்து வந்து இருவரையும் மீட்கிறது. ஆர்ட்டூரிஸ் தனியாக, போர்க்குகளின் கலங்கள் சூழ நிற்கும் இடத்தைச் சென்றடைகிறார்.

ஐயத்தின் முறை

தொடரின் நான்காம் பருவத்தில் வாயேஜர் வீடு போய்ச் சேராது என்பது பார்வையாளருக்குத் தெரியும். ஆகவே 'இது வலையா?' என்ற புதிருக்கு இங்கே வலு குறைவு. திரைக்கதை ஆசிரியர்கள் இதை உணர்ந்தே எழுதியிருக்கிறார்கள். ஐயம் சரியா தவறா என்பதைவிட, ஐயப்படுபவர் எப்படி நடந்துகொள்கிறார் என்பதில் கவனம் வைக்கிறார்கள்.

ஜேன்வேயின் நடத்தையில் மூன்று கூறுகள் தெரிகின்றன. முதலாவது, அவர் உதவியை மறுப்பதில்லை. கலத்தை ஆராய ஆட்களை அனுப்புகிறார். புதிய உந்துமுறையைக் கற்கச் சொல்கிறார். அதே வேளையில் பாதுகாப்பு அதிகாரி டுவோக்கிடம் தன் ஐயத்தைச் சொல்லி வைக்கிறார். இரண்டாவது, அவர் ஆளின் முகத்தையோ பேச்சையோ வைத்துத் தீர்ப்பளிப்பதில்லை. ரே வைஸ் நடித்த ஆர்ட்டூரிஸ் மென்மையானவர், பணிவானவர், பயனுள்ளவர்; முகத்தைப் பார்த்தால் குறை சொல்ல இடமில்லை. ஜேன்வே சோதிப்பது ஆர்ட்டூரிஸ் கையில் கொடுத்த பொருளை. செய்தியை ஆர்ட்டூரிஸ் வழியாகவே படித்தோம் என்பதுதான் பலவீனமான கண்ணி என்று கண்டு, அதே செய்தியை ஆர்ட்டூரிஸ் இன்றிப் படிக்க முயல்கிறார். உண்மை அங்கேதான் கிடைக்கிறது.

மூன்றாவது கூறு மிக நுட்பமானது. ஜேன்வே முதலில் ஐயப்படுவது தன் ஆசையையே. ஆளில்லாத கலம், ஆயத்தமான இயந்திரம், தலைமையகத்தின் வாழ்த்து என எல்லாமே குழுவினர் இரவும் பகலும் வேண்டிக்கொண்டதற்கு அளவெடுத்துத் தைத்த சட்டை போலப் பொருந்துகின்றன. அந்தப் பொருத்தமே அவரை உறுத்துகிறது. வீட்டுக்குப் போக எல்லாரையும்விட அதிகம் ஏங்குபவர் அவர். எல்லாரையும் அங்கே சிக்கவைத்த முடிவை எடுத்தவரும் அவர். அந்த ஏக்கம் தன் கண்ணை மறைக்கும் என்று அறிந்திருப்பதே அவரைக் காப்பாற்றுகிறது.

செவனின் அச்சம்

தலைப்பிலுள்ள இரு சொற்களில் நம்பிக்கை குழுவினருக்கும் அச்சம் செவனுக்கும் உரியவை. பூமிக்குப் போனால் மனிதர்கள் நடுவில் தான் தனித்துப் போவோம் என்று செவன் அஞ்சுகிறார். குழுவோடு வர மறுக்கிறார். ஜேன்வேக்கும் அவருக்கும் நடக்கும் வாக்குவாதங்கள் அத்தியாயத்தின் முதற்பாதிக்கு உயிர் தருகின்றன. கேட் மல்க்ரூ, ஜெரி ரயன் இருவரின் நடிப்பும் இங்கே உச்சத்தில் இருக்கிறது.

அச்சமுள்ளவரே முதலில் ஆபத்தை உணர்வார் என்று பார்வையாளர் எதிர்பார்க்கலாம். அப்படி நடப்பதில்லை. செவனின் அச்சத்துக்கு டாண்ட்லெஸ்ஸோடு தொடர்பே இல்லை; கலம் உண்மையானதாக இருந்திருந்தாலும் அவர் மறுத்திருப்பார். அச்சத்தை விழிப்பு என்றும் நம்பிக்கையை ஏமாளித்தனம் என்றும் பிரித்துவிடும் எளிய கணக்கை இந்த அத்தியாயம் ஏற்பதில்லை. அஞ்சுபவர் தன் அச்சத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார். ஏங்குபவர் தன் ஏக்கத்தைச் சோதிக்கிறார். வலையைக் கண்டுபிடிப்பவர் இரண்டாமவர்.

ஒப்பீடு: 'ஐ ஆஃப் தி நீடில்'

முதல் பருவத்தில் 1995 இல் வெளியான 'ஐ ஆஃப் தி நீடில்' அத்தியாயத்தோடு ஒப்பிட்டால் தொடரின் பார்வை தெளிவாகும். அதில், ஆள் நுழைய முடியாத அளவு சிறிய விண்துளை ஒன்றின் மறுமுனையில் ரொமுலன் இனத்தைச் சேர்ந்த அறிவியலாளர் டெலெக் ரமோர் இருக்கிறார். ரொமுலன்கள் கூட்டமைப்பின் நெடுநாள் பகைவர்கள். அவர் வாயேஜரை உளவுக்கலம் என்று நினைக்கிறார். இரு தரப்பும் மெல்ல மெல்ல, தங்களைப் பற்றியும் குடும்பத்தைப் பற்றியும் பேசிப் பேசி, நம்பிக்கையை வளர்க்கின்றன. கடைசியில் அவர் இருப்பது இருபது ஆண்டுகளுக்கு முந்தைய காலத்தில் என்று தெரிகிறது. கடிதங்களை உரிய காலத்தில் சேர்ப்பதாக வாக்களித்து அவர் போகிறார். வாயேஜர் புறப்படுவதற்குச் சில ஆண்டுகள் முன்பே அவர் இறந்துவிட்டார் என்பது பின்னர் தெரியவருகிறது.

ரமோர் நேர்மையானவர், அவரால் உதவ முடியவில்லை. ஆர்ட்டூரிஸ் உதவ முடிந்தவர்; அவருக்கு மனமில்லை. முதல் கதையில் நம்பிக்கை கடினமாக உழைத்துப் பெறப்படுகிறது. இரண்டாவதில் அது தாம்பூலத்தில் வைத்து நீட்டப்படுகிறது. எளிதில் கிடைத்த நம்பிக்கையே பொய்த்துப்போகிறது என்பது இரு கதைகளையும் சேர்த்துப் பார்க்கும்போது புலப்படும்.

ஆர்ட்டூரிஸின் குற்றச்சாட்டு

அத்தியாயத்தின் மிக வலுவான இடம் ஆர்ட்டூரிஸ் தன் காரணத்தைச் சொல்லும் காட்சி. அதுவரை அவரை ஆராயும் குழுவினர் எல்லாரும் 'இவர் யார், இவருக்கு என்ன வேண்டும்' என்றே கேட்டார்கள். தாங்கள் கடந்துவந்த பாதையில் யாருக்கு என்ன நேர்ந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. ஜேன்வே தன் பக்கத்தைச் சொல்கிறார்: இப்படி ஓர் இனம் இருப்பதோ, தன் முடிவு அவர்களைத் தொடும் என்பதோ தனக்குத் தெரிந்திருக்க வழியில்லை. ஆர்ட்டூரிஸ் கேட்பதும் அதையேதான்: தெரியாத இடத்தில், தன் கலத்தின் தேவையை மட்டும் பார்த்து, ஒரு பெரும்போரின் போக்கை மாற்ற இவருக்கு என்ன உரிமை?

இரண்டு வாதங்களிலும் உண்மை இருக்கிறது. 'ஸ்கார்பியன்' கதையில் இனம் 8472 எல்லா உயிர்களையும் அழிக்க வந்ததாகவே காட்டப்பட்டது; ஜேன்வேயின் முடிவு வெறும் தன்னலம் என்று சொல்ல முடியாது. ஆனால் ஐந்தாம் பருவத்தில் வரும் 'இன் தி ஃபிளெஷ்' அத்தியாயத்தில் அதே இனத்தோடு பேச்சு நடத்தி இணக்கம் காணப்படுகிறது. அதன் ஒளியில் பார்த்தால் ஆர்ட்டூரிஸின் குற்றச்சாட்டு இன்னும் கனம் பெறுகிறது. 'கேர்டேக்கர்' கதையில் ஒகாம்பாவுக்காகத் தன் வழியை அடைத்த தலைவர், 'ஸ்கார்பியன்' கதையில் தன் வழிக்காகப் பெயர் தெரியாத இனங்களைப் பணயம் வைத்தாரா? தொடர் முழுவதற்கும் உரிய கேள்வி இது.

குறைகள்

இந்தக் கேள்வியிலிருந்து திரைக்கதை விலகும் விதமே இதன் பெருங்குறை. ஆர்ட்டூரிஸ் கேட்கும் தண்டனை ஒரு கலத்தின் ஏறத்தாழ 150 பேரையும் உயிரோடு இயந்திரமாக்குவது. பழி இவ்வளவு கொடியதாக இருப்பதால், குற்றச்சாட்டின் நியாயம் பின்னுக்குப் போய்விடுகிறது. அவரைத் தடுப்பதே வேலை என்றானதும் அவருக்குப் பதில் சொல்லும் கடமை கதைக்கு இல்லாமல் போகிறது. இறுதியில் அவரையும் போர்க்குகளிடமே விட்டுவிடுகிறார்கள். வழக்கு தொடுத்தவர் இல்லாததால் வழக்கும் முடிகிறது.

அதன் பிறகு நடப்பது இன்னும் குறிப்பிடத்தக்கது. ஸ்லிப்ஸ்ட்ரீம் உந்துமுறையைத் தொடர் மறக்கவில்லை. 1998 நவம்பரில் வெளியான நூறாவது அத்தியாயமான 'டைம்லெஸ்' அந்த உந்துமுறையை மையமாகக் கொண்டது. ஆர்ட்டூரிஸின் மக்களோ மீண்டும் கதையின் மையத்துக்கு வரவேயில்லை. இயந்திரத்தை வைத்துக்கொண்டு மனிதரை மறந்துவிட்டது தொடர்.

சிறு குறைகளும் உண்டு. தனியொருவர் ஸ்டார்ஃப்ளீட் கலத்தின் தோற்றத்தை இவ்வளவு துல்லியமாக எப்படி உருவாக்கினார் என்பதற்குப் போதிய விளக்கம் இல்லை. மீட்புக் காட்சி வழக்கமான துரத்தலாக முடிகிறது.

மதிப்பீடு

'ஹோப் அண்ட் ஃபியர்' வாயேஜர் தொடரின் நல்ல அத்தியாயங்களுள் ஒன்று. உதவி கிடைக்கும்போது அதைத் தட்டிவிடாமலும் அதில் விழுந்துவிடாமலும் நடப்பது எப்படி என்பதை இவ்வளவு பொறுமையாகக் காட்டிய அத்தியாயங்கள் இந்தத் தொடரில் குறைவு. தொடரின் முந்தைய வெற்றி ஒன்றைத் திருப்பி, அதற்கு விலை கொடுத்தவரை மேடையேற்றியதும் துணிச்சலான செயல்.

உதவி கேட்டுக் கேட்டே பயணம் செய்யும் கலம் வாயேஜர். வழியில் கிடைக்கும் எரிபொருள், உணவு, வரைபடம் எல்லாம் அந்நியர்கள் தந்தவை. அப்படிப்பட்ட குழுவிடம் ஓர் அந்நியர் வந்து, உங்களால் எங்களுக்கு வந்தது இது என்று கணக்கு நீட்டுகிறார். அவர் பொய்யர் என்பது முழு உண்மை. அவர் நீட்டிய கணக்கு பொய்யில்லை என்பதும் அதே அளவு உண்மை. முன்னதைக் கண்டுபிடித்த ஜேன்வேயைக் கதை பாராட்டுகிறது. பின்னதற்கு அவர் என்ன செய்தார் என்பதைப் பார்வையாளரே கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.