கோபாலுக்குப் பந்து வரவில்லை

ஞாயிற்றுக்கிழமை பத்தாங் காலியில் விடாத மழை. தோட்டத்துத் திடலில் கணுக்கால் அளவு தண்ணீர். நடக்கவேண்டிய ஆட்டம் நடக்கவில்லை. அதைப் பார்த்து எழுத வந்த நான் அக்கா வீட்டு நாற்காலியில், அக்கா மகன்கள் இருவருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டேன். பெரியவனுக்குப் பன்னிரண்டு வயது, சின்னவனுக்கு எட்டு. 'போபோய்போய்' என்ற மலேசிய அனிமேஷனின் முதல் படத்தையும் இரண்டாவது படத்தையும் அடுத்தடுத்துப் போட்டார்கள். இந்த வாரம் அலசுவதற்கு வேறு ஆட்டம் இல்லை. இதையே அலசிவிடுகிறேன்.

முதல் படம் 2016 மார்ச் 3-ல் வந்தது. இரண்டாவது 2019 ஆகஸ்ட் 8. இரண்டுக்கும் பயிற்றுநர் ஒருவரே, நிசாம் ரசாக். 2009-ல் லெஸ் கோப்பாக்குக்காக 'கெங்' படத்தை இயக்கிய பிறகு, நண்பர்களோடு வெளியேறி அனிமோன்ஸ்டா என்ற சொந்த அணியைக் கட்டியவர். படத்தில் வரும் நகைச்சுவைப் பாத்திரமான பாப்பா ஸோலாவுக்குக் குரல் கொடுப்பவரும் அவர்தான். வெளியில் நின்று கத்திவிட்டு, ஆள் குறைந்தால் தானே ஜெர்சி மாட்டிக்கொண்டு இறங்கும் தோட்டத்துப் பயிற்றுநர்களை எனக்குத் தெரியும். அந்த ரகம்.

வசூலை வைத்துத் தீர்ப்பு சொன்னால் ஆட்டம் அங்கேயே முடிந்தது. முதல் படம் ஏறக்குறைய 20 மில்லியன் வெள்ளி, இரண்டாவது 30 மில்லியனை ஒட்டி. அந்த 2019 மலேசிய அனிமேஷனுக்கே பொன்னான பருவம். மார்ச்சில் உப்பின் இப்பினின் 'கெரிஸ் சியாமாங் துங்கால்', ஆகஸ்டில் இது, நவம்பரில் 'எஜென் அலி'. மூன்றும் ஆளுக்கு 25 மில்லியனைத் தாண்டின. பத்து ஆண்டுகளுக்கு முன் 'கெங்' 6 மில்லியன் தொட்டதையே ஊர் கொண்டாடியது. ஆனால் 5–1 என்று ஜெயித்த ஆட்டமெல்லாம் நல்ல ஆட்டம் என்று நான் எழுதினால், திடலோரம் நிற்கும் பெரியவர்கள் என்னை விட மாட்டார்கள். எப்படி ஆடினார்கள் என்று பார்க்க வேண்டும்.

போபோய்போயின் அடிப்படை ஆட்டமுறை பிரிவது. ஒரு பையன் மூன்றாகப் பிரிவான்: இடி, காற்று, மண். பிறகு தீயும் நீரும் சேர்ந்தன. முதல் படத்தில் கிளாம்காபோட் என்ற மூத்த இயந்திர உருண்டை, கடைசி இரண்டு சக்திகளான இலையையும் ஒளியையும் திறந்துவிட, மொத்தம் ஏழாகிறது. பிரிவதற்கு ஒரு விலையும் உண்டு. ரொம்ப நேரம் பிரிந்தே நின்றால் பையனுக்கு ஞாபகம் மங்கும், தொலைக்காட்சித் தொடரிலேயே அப்படித்தான். பலத்துக்குள்ளேயே பலவீனத்தை வைத்த எழுத்து. பிள்ளைகளுக்கான படத்தில் இவ்வளவு யோசித்திருக்கிறார்களே என்று வியந்தேன். இரண்டாவது படம் இதைத் தலைகீழாகப் புரட்டுகிறது. இப்போது இரண்டு சக்திகள் ஒன்றாகச் சேர்கின்றன. தீயும் பனியும் சேர்ந்து ஒருவன், இடியும் ஒளியும் சேர்ந்து இன்னொருவன். திரையில் பார்க்க அபாரம். பெரியவன் சோபாவில் ஏறியே நின்றுவிட்டான்.

இரண்டு படங்களின் ஆட்டமுறையும் இதிலேயே அடங்கிவிடுகிறது. பிரிகிற படத்தில் பந்து எல்லார் காலுக்கும் போகிறது. சேர்கிற படத்தில் ஒருவன் காலிலேயே ஒட்டிக்கொள்கிறது.

முதல் படத்தின் கதையைச் சொல்ல ஒரு வரி போதும். வில்லன் போரா ராவின் கூட்டம் போபோய்போயின் இயந்திர உருண்டை நண்பனான ஓச்சோபோட்டைக் கடத்துகிறது, நண்பர்கள் மீட்கப் போகிறார்கள். ஆனால் போகிற வழியெல்லாம் பாஸ். யாயாவிடமிருந்து யிங்குக்கு, யிங்கிடமிருந்து ஃபாங்குக்கு, நடுவில் பாப்பா ஸோலா பந்தைத் தொடாமலேயே கூட்டத்தைச் சிரிக்க வைப்பார். எதிரியான ஆடு டூவுக்கும் வேலை இருக்கிறது. கோபால் பயப்படுவான், ஓடுவான், பொருளைத் தின்பண்டமாக மாற்றுவான், மறுபடி பயப்படுவான். நடுக்களத்தில் இதற்கு மேல் என்ன வேண்டும்?

கோபாலைப் பற்றி இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். பயந்தாங்கொள்ளி, சாப்பாட்டு ராமன் என்று நம் பையனை மட்டும் இப்படிக் காட்டலாமா என்ற முணுமுணுப்பு எனக்கும் உண்டு. அதே இயக்குநரின் 'கெங்' படத்தில் ராஜூ என்ற பையன் விலங்குகளோடு பேசுவான், காளையைத் துணைக்கு வைத்திருப்பான். அவனுக்கு இருந்த கம்பீரம் கோபாலுக்கு இல்லை. ஆனாலும் இந்த நாட்டில் எத்தனை மலாய், சீனப் பிள்ளைகள் 'டேய்' என்ற சொல்லைக் கோபால் வாயிலிருந்து கற்றார்கள் என்று யோசித்துப் பாருங்கள். அப்பாவை அவன் 'அப்பா' என்றே கூப்பிடுகிறான். செம்பனைத் தோட்டத்துப் பையன் டிவி3-ல் தன் வீட்டுச் சொல்லைக் கேட்பது சின்ன விஷயம் கிடையாது.

அந்தக் கோபாலை இரண்டாவது படம் ஓரத்தில் நிறுத்திவிட்டது. சின்னவன் கோபால் வரும்போதெல்லாம் நோட்டில் கோடு போட்டுக்கொண்டே பார்த்தான். எண்ணிக்கையை இங்கே எழுத மாட்டேன். நடுவர் நடுநிலையானவர் அல்ல, பாதியில் மைலோ குடிக்கவும் எழுந்துபோனார். ஆனால் முக்கால் மணி நேரம் போனதும் அவன் கேட்டது காதிலேயே நிற்கிறது: "மாமா, கோபாலுக்கு அடிபட்டுருச்சா? ஏன் வெளிய உக்கார வச்சிருக்காங்க?"

இதற்குக் காரணம் இருக்கிறது. முதல் படம் ரின்தீஸ் தீவில் போபோய்போயின் தாத்தா தோக் ஆபாவின் கோக்கோ கடையிலிருந்து புறப்பட்ட அணி. அது சொந்தத் திடல். 2016 இறுதியில் தொடங்கிய 'கேலக்ஸி' தொடர் பிள்ளைகளை விண்வெளிக்குக் கொண்டுபோய்விட்டது. இரண்டாவது படம் அந்தத் தொடரின் நீட்சி. வெளியூர் ஆட்டத்தில் கோபாலுக்குக் கடன் சொல்லக் கடை கிடையாது, அதட்ட அப்பா கிடையாது. அவன் நகைச்சுவை முழுக்கச் சொந்த ஊர்ப் புல்லில் விளைந்தது.

பிக்ஸாரின் 'இன்சைட் அவுட்' இந்தத் தப்பைச் செய்யவில்லை. 2015-ல் 85 கோடி டாலருக்கு மேல் வாரியது. 2024-ல் இரண்டாம் பாகம் 169 கோடியை எட்டியது, அதுவும் வேறு இயக்குநர் கையில். பதற்றம், பொறாமை என்று புது ஆட்டக்காரர்களை இறக்கினார்கள். திடல் மட்டும் ரைலி என்ற சிறுமியின் அதே மண்டைதான்.

இரண்டாவது படத்தை நான் மட்டம் தட்டவில்லை. எதிரணி விஷயத்தில் அது முதல் படத்தை எங்கேயோ விட்டுவிட்டது. போரா ரா சத்தமாகச் சிரிக்கும் வழக்கமான வில்லன். இரண்டாவது படத்து வில்லன் ரெத்தாக்கா அப்படியில்லை. போபோய்போயின் சக்திகளை அவனுக்கு முன்பே வைத்திருந்தவன், அவற்றைத் திரும்பப் பிடுங்க வருகிறான். 'என்னுடையதைக் கொடு' என்று நிற்கும் எதிரியை வெறுமனே கெட்டவன் என்று தள்ள முடியாது. பையனும் தன்னிடம் இருப்பது உண்மையில் தன்னுடையதுதானா என்று தடுமாறுகிறான். பெரியவன் அந்த இடத்தில் மட்டும் சோபாவிலிருந்து இறங்கி உட்கார்ந்து பார்த்தான். சண்டைக் காட்சிகளின் அமைப்பும் ஒளியும் மூன்றே ஆண்டில் ஒரு பிரிவு மேலே ஏறியிருக்கின்றன.

என் மதிப்பெண்? ஒரே ஒரு படத்தைத் திரும்பப் பார்க்கச் சொன்னால் முதல் படம். தனி ஆட்டக்காரனுக்கான விருது இரண்டாவது படத்துப் போபோய்போய்க்கு. பெரியவன் இந்தத் தீர்ப்பை ஏற்கவில்லை, மேல்முறையீடு செய்திருக்கிறான்.

அனிமோன்ஸ்டா பிறகு சும்மா இருக்கவில்லை. போபோய்போயின் அப்பா அமாட்டோ சிறுவனாக வரும் 'மெக்காமாட்டோ' 2022-ல் திரைக்கு வந்தது. பாப்பா ஸோலாவுக்கும் தனிப்படம் கிடைத்துவிட்டது. இதைச் சொன்னதும் சின்னவன் நோட்டை மூடிவிட்டு என்னைப் பார்த்தான்.

"அப்ப அடுத்தது கோபால்தானே, மாமா?"

மழை விட்டிருந்தது. பதில் சொல்வதற்குள் இருவரும் பந்தை எடுத்துக்கொண்டு திடலுக்கு ஓடிவிட்டார்கள். வழக்கம்போல் சின்னவன்தான் கோல் கம்பத்துக்கு நடுவில்.